வாசலிலேயே கிணறு

தம்பி,

ஊருக்குப் போகிறவனை நலமா என்று கேட்டு எழுதுவதில் ஒன்றுமில்லை. நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால்தான் இதைப் படிக்கப்போகிறாய். உன் மாமா வீட்டு விலாசத்துக்குத்தான் போடுகிறேன். பினாங்கில் உன் ஆள் கட்டுகிற லைசென்ஸ் தாளுக்கு முத்திரை போட்டுக் கொடுக்கவே சில நாள் இழுத்தடிப்பார்கள் என்று பெரிய கங்காணி சொன்னார். அதற்குள் இந்தத் தபால் உன்னை முந்திக்கொண்டு நாகப்பட்டினம் இறங்கி, துறையூர் போய், நீ வீட்டுக்குள் கால் வைக்கிற நேரத்தில் மாமாவின் கையில் இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இதை ஒரு மூலையில் உட்கார்ந்து மறைத்துப் படிக்காதே. மாமா, அத்தை, பவுனு, அக்கம்பக்கத்தார் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்கள் காதில் விழும்படி படி. உன் பேருக்கு எழுதினாலும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பாதிரி பள்ளிக்கூடத்தில் நான் படித்த மூன்று வகுப்பு இத்தனை வருஷம் கழித்து இதற்காவது உதவட்டும்.

நீ போவது இரண்டு காரியத்துக்கு. ஒன்று, மாமன் மகள் பவுனுவைக் கட்டிக்கொள்வது. அது நான் ஆசைப்பட்டு, நான் சொல்லி நடப்பது. இன்னொன்று, நம் தோட்டத்துக் கூலி வரிசை வீடுகளை, அந்தப் புது லயங்களை நிரப்ப ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வருவது. அது உன் அப்பாவும் பெரிய கங்காணியும் சேர்ந்து போட்ட திட்டம். ஈப்போ ஸ்டேஷனில் நீ கறுப்புக் கோட்டும் குடையுமாக நின்றபோது உன் அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. ரயில் ஜன்னலில் தலையை நீட்டி, "நாலே மாசம்மா, நம்ம சனத்தோட வந்துருவேன்லா" என்றாய். ஈப்போவில் சீனன் கடையில் வேலை பார்த்த நாளிலிருந்து பேச்சுக்குப் பேச்சு அந்த லா ஒட்டிக்கொண்டது. ஊரில் அப்படிப் பேசாதே, சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ரயில் கிளம்பிய பிறகுதான் நம்ம சனம் என்று நீ சொன்னது எனக்கு உறைத்தது.

திரும்பி வரும்போது மாட்டு வண்டியில் உன் அப்பா வாய் ஓயாமல் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. மகன் சின்னக் கங்காணி ஆகிவிட்டான், இனிமேல் யாரும் நம்மை வாடா போடா என்று கூப்பிட முடியாது என்றார். நான் கேட்டேன்: "கூட்டிக்கிட்டு வர்ற சனத்த எங்க வைப்பாங்க? தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க?"  அவர், "எவனோ ஒருத்தன் கூட்டிக்கிட்டு வரத்தான போறான். நம்ம பய கூட்டிக்கிட்டு வந்தா என்ன கொறஞ்சு போச்சு?" என்றார். நான் சொன்னேன்: "எவனோ கூட்டிக்கிட்டு வந்தா நான் எவனையோ திட்டிக்கிட்டுக் கெடப்பேன். இவன் கூட்டிக்கிட்டு வந்தா யாரைத் திட்டுறது?" 

உன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். நாலெழுத்து தெரிந்தவன் என்பதற்காக இல்லை. நாலெழுத்து தெரிந்தவன் தோட்டத்தில் வேறேயும் இருக்கிறான். உன் வாய்க்காகத்தான். சின்னப் பிள்ளையில் நான் ஆயா வேலை பார்க்கிற பிள்ளைக் கொட்டகையில் உன்னை என்னோடு வைத்திருப்பேனே, நினைவிருக்கிறதா? காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கிற நாளில் ஒரு பிள்ளை வாயைத் திறக்காது. நீ முதலில் போய் வாங்கிக் குடித்துவிட்டு, நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, "இன்னைக்கு வெல்லம் போட்டுருக்காங்கடா" என்பாய். எல்லாம் வரிசையாக வந்து வாயைத் திறக்கும். குடித்த பிறகு அழும், துப்பும், ஆனால் ஒன்றுக்குக்கூட உன் மேல் கோபம் வராது. அடுத்த தடவையும் நம்பும். அன்றைக்கு அதைப் பார்த்து நான் பூரித்துப் போனேன். மருந்துதானே, உள்ளே போனால் நல்லதுதானே என்று இருந்தேன். இப்போது அதே வாயை உனக்குக் கோட்டு மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

பழைய நாளைச் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. நாங்கள் வந்தபோதும் அட்டை கடித்தது, காய்ச்சல் அடித்தது, கங்காணியின் பிரம்பு முதுகில் விழுந்தது. ஆனால் மேட்டு லயத்தில் ஒரு அறைக்கு ஒரு குடும்பம். லயத்துக்கு முன்னால் அஞ்சடி என்கிற தாழ்வாரம், அதில் அடுப்பு. பின்னால் சரிவில் ஆளுக்கொரு கீரைப் பாத்தி, மாட்டுக் கொட்டில். சரிவின் அடியில் கிணறு. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகுமுன் எல்லோரும் இறைத்தாலும், மத்தியானத்துக்குள் தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஊறி வந்துவிடும். ஆற்றுத் தண்ணீரை எங்களால் அன்றைக்கே குடிக்க முடியாது. மேலே ஈயம் கழுவுகிறவர்கள் விடுகிற சேறு மஞ்சளாக வரும். துணி அலசலாம், அவ்வளவுதான். அதனால் அந்தக் கிணறு ஒன்றுதான். மனுஷருக்கும் கிணற்றுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அதை யாரும் வகுத்து வைக்கவில்லை, தானாக இருந்தது.

ரப்பர் விலை ஏறியது. கம்பெனி பக்கத்துக் காட்டையும் வாங்கியது, மரம் நட்டது, ஏற்கெனவே நட்டது பால் வெட்டுக்கு வந்தது. ஆள் வேண்டும், ஆளுக்கு வீடு வேண்டும். எங்கே கட்டுவது? சமதரையான நிலத்தையெல்லாம் ரப்பருக்குக் கொடுத்துவிட்டார்கள். மரம் நிற்கிற இடத்தில் மனுஷன் நிற்க முடியுமா? கடைசியில் எங்கள் சரிவைப் பிடித்தார்கள். கீரைப் பாத்தியைக் கொத்தி எறிந்தார்கள், மாட்டை விற்கச் சொன்னார்கள், கொட்டிலைப் பிரித்தார்கள். முதுகோடு முதுகு ஒட்டின அறைகளாக, பின்பக்கம் ஜன்னலும் இல்லாமல், தகரக் கூரை போட்டு, ஒரு லயத்தின் தாழ்வாரத்து நீர் அடுத்த லயத்தின் வாசலில் விழுகிற மாதிரி நெருக்கி நெருக்கிக் கட்டினார்கள். கிணற்றைச் சுற்றி மூன்று பக்கமும் லயம். கக்கூஸ் மட்டும் மேட்டில். ஏனென்றால் கீழே இடமில்லை.

சிரிக்காதே, முதலில் எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சனம் வருகிறது, தீமிதிக்குக் கூட்டம் சேரும், பொண்ணு கொடுக்க எடுக்க ஆள் இருக்கும், கடைக்காரன் நல்ல சாமான் கொண்டுவருவான் என்று பேசிக்கொண்டோம். உன் அப்பா வந்தவர்களுக்குப் பானகம் கரைத்துக் கொடுத்தார். வந்தவர்கள் சேலம் பக்கம் கொஞ்சம், வட ஆர்க்காடு கொஞ்சம், தஞ்சாவூர் கொஞ்சம். ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேலி. அறைக்கு இரண்டு குடும்பம் என்று நடுவில் கோணி கட்டிவிட்டார்கள். புதுசாகக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கும் அதே கோணிதான் சுவர். ஒரு மழைக்காலம் போவதற்குள் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்து காத்திருக்க வேண்டி வந்தது. இறைத்தால் சேறு வந்தது. நாங்கள் யாரைத் திட்டினோம் தெரியுமா? கட்டினவனை இல்லை, வந்தவர்களை. "வந்த சனியன்கள் கெணத்தையே குடிச்சுத் தீத்துட்டாங்க" என்று நானே என் வாயால் சொன்னேன். மேட்டு லயத்து ஆண்கள் கிணற்றுக்குக் காவல் போட்டார்கள். கம்பை வைத்துக்கொண்டு நின்றவர் உன் அப்பாதான். அவர் கை ஓங்கி நான் பார்த்தது என் மேல்கூட இல்லை, அங்கேதான் பார்த்தேன்.

மற்றதெல்லாம் கிணற்றைப் பின்தொடர்ந்து போயிற்று. ஆஸ்பத்திரி என்று நாம் சொல்கிற அந்தக் கொட்டகையில் கட்டில் அதேதான், ஆள் மட்டும் மூன்று பங்கு. தரையில் பாய் விரித்தார்கள், பிறகு பாயும் இல்லை. மருந்து கொடுக்கிற யாழ்ப்பாணத்து டிரசர் ஐயா பாவம், சுற்றியிருக்கிற தோட்டங்களுக்கும் அவர்தான் போக வேண்டும். ஒரு நாள் நான் பிள்ளைகளுக்கு மருந்து கேட்டு நின்றேன். "ஆயா, நான் என்ன செய்யிறது? இருக்கிறதைத்தானே பிரிச்சுத் தரலாம். பிரிச்சுப் பிரிச்சு இப்ப அது மருந்தும் இல்லை, தண்ணியும் இல்லை" என்றார். பிள்ளைக் கொட்டகையில் ஒரு தூளிக்கு ஒரு பிள்ளை என்று இருந்தது போய், இரண்டு, அப்புறம் தூளி கட்ட உத்திரத்தில் இடமில்லாமல் தரையில் வரிசையாகக் கிடத்தினேன். ஒன்றுக்கு வயிறு போனால் மாலைக்குள் பக்கத்தில் கிடக்கிறதுக்கும் போகும். கழுவத் தண்ணீர் இல்லை. நான் கத்தினேன், சண்டை போட்டேன், ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணியாரிடம் அழுதேன். இன்னொரு ஆயா போடுவதாகச் சொன்னார்கள். இன்று வரை நான்தான்.

ஆண்கள் ஒரு நாள் காலைப் பெரட்டில் பால் வாளியைத் தூக்காமல் நின்றதும் உனக்குத் தெரியும். நீ அப்போது ஈப்போவில் இருந்தாலும் காதில் விழுந்திருக்கும். துரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் நியாயம்தான் என்று தலையை ஆட்டினார், புதுக் கிணறு வெட்டச் சொன்னார். வெட்டினார்கள். ஆழம் போகப் போக ஈயச் சேறுதான் வந்தது. ஒரு நாற்றம். கன்றுக்குட்டியும் குடிக்கவில்லை. அதை மூடிவிட்டு, அந்த இடம் காலியாகக் கிடக்கிறதே என்று அதன் மேல் இன்னொரு லயம் கட்டினார்கள். இதில் யாரைப் பிடித்து யாரை உலுக்குவது? துரையைக் கேட்டால் கம்பெனி என்கிறார், கம்பெனியைக் கேட்கலாம் என்றால் அது சீமையில் இருக்கிறது. அன்றைக்கே எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது.

இப்போது நான் சொல்லப்போவது உனக்குப் பாதிதான் தெரியும். நம் ஊரிலும் சரி, இங்கேயும் சரி, ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கிற வரைக்கும் தெருவில் யாரும் அடுப்பு மூட்டமாட்டோம். ஊர் விட்டு ஊர் வந்தும், சாதி சனம் கலந்தும், மேட்டு லயத்தில் அதை மட்டும் நாங்கள் விடவில்லை. யார் செத்தாலும் மேடு முழுக்கப் புகை இருக்காது. வேறே எந்த மரியாதையும் எங்களுக்குக் கிடைக்காத இடத்தில் அந்த ஒன்றை நாங்களே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டோம். புது லயத்தில் பேதி ஆரம்பித்த பிறகு, முதல் சில சாவுக்கு மொத்தத் தோட்டமும் அடுப்பை மூட்டவில்லை. பிறகு தினம் ஒரு சாவு, சில நாளில் இரண்டு. வெறும் வயிற்றோடு பால் வெட்டப் போனவர்கள் மரத்தடியிலேயே மயங்கி விழுந்தார்கள். கோயிலடியில் கூடிப் பேசினோம். அவரவர் லயத்துச் சாவுக்கு மட்டும் என்று முடிவாயிற்று. கொஞ்ச நாளில் அதுவும் தாங்கவில்லை. சுவரை ஒட்டின இரண்டு பக்கத்து வீடு மட்டும் போதும் என்று வந்து நின்றது. அதைச் சொன்ன பெரியவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

அந்த நேரத்தில் புது லயம் நிரம்பி வழிந்து, மேட்டு லயத்திலும் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். நமக்கு அடுத்த அறைக்குச் செல்லம்மா வந்தாள், புருஷன், மூன்று பிள்ளைகளோடு. நல்ல பெண். நான் அவளோடும் கிணற்றடியில் சண்டை போட்டிருக்கிறேன். உன் தங்கச்சி வள்ளிக்குப் பேதி கண்டது. டிரசர் ஐயா இல்லை, வேறு தோட்டத்துக்குப் போயிருந்தார். வந்து பார்ப்பதற்குள் அவள் கண் உள்ளே போய்விட்டது. காலையில், பெரட்டு மணி அடித்து எல்லோரும் போன பிறகு, போய்விட்டாள். தாகம் தாகம் என்று கேட்டுக்கொண்டே போனாள். நான் கொடுத்ததும் அதே கிணற்றுத் தண்ணீர்தான். விறகு ஈரமாக இருந்ததால் முந்தின நாள் சரியாகக் காய்ச்சவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி ஆறுகிற விஷயம் இல்லை.

உன்னைக் கூப்பிட ஈப்போவுக்கு ஆள் போயிருந்தான். உனக்காகப் பிணத்தை வைத்திருந்தோம். வெயில் ஏறியது. அப்போது செல்லம்மா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "அக்கா, நேத்து அந்தப் பக்கத்து வூட்டுப் பெரியவருக்காக அடுப்பு மூட்டல. இன்னைக்கு நம்ம வள்ளி. புள்ளைங்க தாங்கல, சின்னது மண்ணை அள்ளித் திங்குது. நான் என்ன பண்ணட்டும்க்கா?" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை முனகுவது எனக்கே கேட்டது. நான் எழுந்து போனேன். அவள் அடுப்பில் விறகை அடுக்கி, ஊதி, நானே மூட்டினேன். செத்த வீட்டுக்காரி கையால் மூட்டினால் அவள் மேல் பழி வராது என்று நினைத்தேன். கஞ்சி வைத்தாள், ஒரு துண்டு கருவாட்டைச் சுட்டாள். நான் திரும்பி வந்து வள்ளியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

நீ வந்தாய். வாசலிலேயே உனக்குக் கருவாட்டு வாசனை அடித்தது. வள்ளியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அடுத்த வாசலுக்குப் போய் அந்தக் கஞ்சிப் பானையை உதைத்தாய். "பொணம் கெடக்குது, சோறு கேக்குதா உங்களுக்கு?" என்று கத்தினாய். கஞ்சி அஞ்சடியில் ஓடியது, அந்தச் சின்னது அதைக் கையால் வழித்தது. செல்லம்மா என்னைப் பார்த்தாள். நான் மூட்டினேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உனக்கு அன்றைக்கு உதைக்க ஏதாவது வேண்டியிருந்தது, என்னிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை. இப்போது சொல்கிறேன். அந்த அடுப்பை மூட்டினவள் உன் அம்மா. அன்றைக்குப் பிறகு இந்தத் தோட்டத்தில் எந்தச் சாவுக்கும் எந்த அடுப்பும் காத்திருக்கவில்லை. யாரும் கூடிப் பேசவுமில்லை. செல்லம்மாவின் அந்தச் சின்னது மாசி மாதம் என் கொட்டகையில் போனது. அவள் பால் வெட்டை முடித்துவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு நானும் அடுப்பு மூட்டி, உலை வைத்து, உன் அப்பாவுக்குச் சோறு போட்டேன். அது எனக்கு ஒன்றும் பெரிதாகக்கூடத் தெரியவில்லை. இதைத்தான் நீ புரிந்துகொள்ள வேண்டும் தம்பி. செத்தது எத்தனை பேர் என்பதைவிட, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் பயமாக இருக்கிறது.

செல்லம்மாவையும் ஒருவன் ஊருக்கு வந்து இனிக்க இனிக்கப் பேசித்தான் கூட்டி வந்தான். அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான். உனக்குப் பெரிய கங்காணி பாடம் சொல்லிக் கொடுத்ததை நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டேன். ஆம்பளைகள் கூலியைக் கேட்பார்கள், பொம்பளைகள் தண்ணீரைக் கேட்பார்கள் என்றார். உண்மைதான். நானும் வரும்போது அதைத்தான் கேட்டேன், தண்ணி எம்புட்டு தூரம் என்று. அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தார்: "வாசல்லயே கெணறுன்னு சொல்லுடா." இதில் பொய் ஒன்றுமில்லை. கிணற்றின் தலைமேலேயே வீட்டைக் கட்டியிருக்கிறார்கள், வாசலில் இல்லாமல் எங்கே இருக்கும்? துறையூரில் இரண்டு கல் நடந்து குடம் தூக்குகிற பெண்ணிடம் நீ அதைச் சொல்வாய். அவள் புருஷனைப் பார்ப்பாள். அந்தப் பார்வையிலேயே காரியம் முடிந்துவிடும். உனக்கு வேறு ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது.

அப்படிச் சொல்லாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வராதீர்கள் என்று அவர்களிடம் சொல் என்று எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் மாமாவின் போன கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. ஏரி வறண்டுவிட்டது, மாட்டைக் கொடுத்துவிட்டோம், சின்னவன் சோறு என்று அழுகிறான் என்று எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் உட்கார்ந்து என் கடிதத்தைக் கேட்கிறவர்களிடம், இங்கே வந்தால் பேதியில் சாவீர்கள், அங்கேயே இருங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? அங்கே தண்ணீர் இல்லை. இங்கே இருக்கிற தண்ணீர் இது. நான் இங்கே சோற்றைத் தின்றுகொண்டு அவர்களுக்குப் புத்தி சொல்கிறவள் ஆகிவிடுவேன். நீ கூட்டி வராவிட்டால் தஞ்சாவூர்க்காரன் எவனாவது கூட்டி வருவான். உன் அப்பா சொன்னது தப்பில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு வழி தெரியவில்லை. பெரியவள், அனுபவப்பட்டவள் ஏதாவது வழி சொல்வாள் என்று எதிர்பார்த்துப் படிக்கிறாயோ என்னவோ. என்னிடம் இல்லை.

அதனால் ஒரு கூட்டத்தை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. இரண்டு பேரை நிறுத்து என்று கேட்கிறேன். பவுனுவைக் கட்டிக்கொள், அங்கேயே இருந்துவிடு. கோட்டை விற்றுவிடு. மாமாவோடு கூலி வேலைக்குப் போ, திருச்சிக்குப் போ, ரயிலடியில் மூட்டை தூக்கு. கஷ்டம்தான் படுவாய். உன்னைப் பெற்றவள் திரும்பி வராதே என்று எழுதுகிறேன், அதை நினைத்துப் பார். வள்ளி போன பிறகு எனக்கு இருப்பது நீ ஒருவன். உன் அப்பாவுக்கு நெஞ்சுச் சளி. இந்த மழைக்காலம் தாண்டுவாரா என்று சொல்ல முடியாது. நாளைக்கு அவருக்குக் கொள்ளி வைக்க நீ இருக்கமாட்டாய். எனக்கும் இருக்கமாட்டாய். இருந்துவிட்டுப் போகட்டும். யாராவது நாலு பேர் தூக்கிப் போடுவார்கள். இந்தத் தோட்டத்தில் அதற்கு மட்டும் ஆள் பழகியிருக்கிறது. நீ அங்கே இருக்கிறாய், பவுனு இரண்டு கல் நடந்து தண்ணீர் கொண்டுவருகிறாள், முணுமுணுக்கிறாள், உன்னைத் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு கிடப்பேன். அது போதும்.

எழுதிவிட்டேனே தவிர, நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். உனக்கு உன் அப்பாவின் முகம் கண்ணில் நிற்கும். பெரிய கங்காணி உன்னைப் பற்றி துரையிடம் சொன்ன வார்த்தை நிற்கும். மாமாவின் சின்னவன் பசியோடு உன் மடியில் வந்து உட்காருவான். அதற்கப்புறம் நீ என்னதான் செய்வாய்? எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருவாய். நல்ல மனசோடுதான் கூட்டி வருவாய், கப்பலில் அவர்களுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுப்பாய். புது லயத்தில் உனக்கும் பவுனுவுக்கும் பாதி அறை ஒதுக்கிவிட்டார்கள், நேற்றுத்தான் சுண்ணாம்பு அடித்தார்கள்.

வந்து சேர்ந்த மறுநாள் விடியுமுன் பெரட்டு மணி அடிக்கும். நீ கூட்டி வந்த பெண்கள் வாளியை ஒரு கையிலும் பிள்ளையை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வருவார்கள், என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நான் வாங்கிக்கொள்வேன். தரையில் இடம் பண்ணிக் கிடத்துவேன். இது வரைக்கும் வந்த ஒவ்வொரு பிள்ளையையும் வாங்கும்போது பேர் கேட்டேன், அதில் போனதுகளின் பேரெல்லாம் இன்னும் எனக்கு மனப்பாடம். இனிமேல் கேட்பதாக இல்லை. நாளைக்குப் பவுனு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாலும் கேட்கமாட்டேன், நீயாகவும் சொல்லிவிடாதே.

உன்னைப் பெற்றவள்